தீவில் இல்லாத மனிதர்: ஆரன் பர் மீதான தேசத்துரோக வழக்கு, 1807

1807 செப்டம்பர் 1ஆம் தேதி, வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில், மாநிலச் சட்டமன்ற மண்டபத்தில் கூடிய கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஜூரிகளின் தலைவர் எட்வர்ட் கேரிங்டன் எழுந்து தீர்ப்பை வாசித்தார். “இந்தக் குற்றப்பத்திரிகையின் கீழ், எங்கள் முன் வைக்கப்பட்ட எந்தச் சாட்சியத்தாலும் ஆரன் பர் குற்றவாளி என்று நிரூபிக்கப்படவில்லை என ஜூரிகளாகிய நாங்கள் சொல்கிறோம், ஆகவே அவர் குற்றவாளி அல்லர் என்று காண்கிறோம்.” தூக்குமேடையிலிருந்து அப்போதுதான் தப்பிய மனிதர், கேட்டதும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். பர் உட்காரவில்லை; அந்த வாசகம் முறைப்படி அமையவில்லை, “குற்றவாளி” அல்லது “குற்றவாளி அல்லர்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்ட ஜூரிகளுக்கு இடமில்லை என்று ஆட்சேபித்தார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இரு தரப்புக்கும் பாதி கொடுத்தார்: ஜூரிகள் எழுதித் தந்த வாசகம் அப்படியே இருக்கட்டும், நீதிமன்றப் பதிவேட்டில் “குற்றவாளி அல்லர்” என்று மட்டும் ஏறட்டும் என்றார்.

பர் ஆட்சேபித்த அந்தச் சில நொடிகளில் அவருடைய குணம் முழுவதும் தெரிகிறது. அவர் போர்வீரராக இருந்தார், இரண்டரை ஆண்டுகளுக்கு முன்புவரை நாட்டின் துணை அதிபராகவும் இருந்தார். ஆனால் அவரைக் கடைசிவரை காப்பாற்றியது, எழுத்தில் உள்ளது என்ன, அதில் இல்லாதது என்ன என்று பார்க்கும் வழக்கறிஞரின் கண்தான். அவரை யாருக்கும் பிடிக்காமல் செய்ததும் அதே கண் என்பது என் கருத்து. இந்த வழக்கை ஆராய்வதற்கு முன் அந்த மனிதரைச் சற்றே பார்த்துவிட வேண்டும்.

போர்க்களத்திலிருந்து வழக்காடு மன்றத்துக்கு

பர் 1756 பிப்ரவரி 6ஆம் தேதி நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் பிறந்தார். தந்தை, பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்ற கல்லூரியின் தலைவர்; தாய்வழிப் பாட்டனார், புகழ்பெற்ற சமயப் போதகர் ஜொனாதன் எட்வர்ட்ஸ். 1757 செப்டம்பருக்கும் 1758 அக்டோபருக்கும் இடையில் தந்தை, பாட்டனார், தாய், பாட்டி என நால்வரும் அடுத்தடுத்து இறந்துபோக, இரண்டு வயதுக் குழந்தையும் அவனுடைய அக்காளும் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார்கள். பதினாறாவது வயதில், 1772இல், பட்டம் பெற்றார். கொஞ்ச காலம் இறையியல் படித்து, அது ஒட்டாமல், கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டில் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்த அக்காள் கணவர் டேப்பிங் ரீவிடம் சட்டம் படிக்கச் சேர்ந்தார். படிப்பு முடியவில்லை, 1775இல் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போர் மூண்டது.

பெனடிக்ட் ஆர்னால்ட் தலைமையில் மேய்ன் காடுகளின் ஊடாகக் கியூபெக் நோக்கிச் சென்ற படையில் தொண்டராக நடந்தவர்களில் பர்ரும் ஒருவர். பசியும் குளிரும் அந்தப் படையைப் பாதியாகக் கரைத்தன. கியூபெக்கை அடைந்தபின் தளபதி ரிச்சர்ட் மான்ட்கோமரி அவரைத் தம் உதவியாளராக்கிக்கொண்டார். 1775 டிசம்பர் 31 அதிகாலையில், பனிப்புயலுக்கு நடுவே நடந்த தாக்குதலில் மான்ட்கோமரி முன்வரிசையிலேயே வீழ்ந்தபோது பர் அவருக்கு அருகில் இருந்தார். பின்னர் வாஷிங்டனின் அலுவலகத்தில் சில நாள்கள்தான் நிலைத்தார்; இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. லெப்டினென்ட் கர்னலாக ஒரு படைப்பிரிவை நடத்தி, வாஷிங்டனின் படை முகாமிட்ட வேலி ஃபோர்ஜின் குளிர்காலத்தைக் கடந்து, 1778 ஜூனில் மான்மத் போரின் கொடும் வெயிலில் உடல் நலிந்து, 1779இல் பதவியிலிருந்து விலகினார். வேலி ஃபோர்ஜின் அதே குளிரில் நடுங்கிய இன்னொரு இளம் அதிகாரிதான் ஜான் மார்ஷல். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் நீதிபதியின் இருக்கையிலும் மற்றவர் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், இடத்திலும் அமர்ந்தார்கள்.

1782இல் ஆல்பனியில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். மூன்றாண்டு பயிற்சி வேண்டும் என்ற விதியைப் போரில் பணியாற்றியதைக் காட்டித் தளர்த்திக்கொண்டார். அதே ஆண்டு, தம்மைவிடப் பத்து வயது மூத்தவரும் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் விதவையுமான தியோடோசியாவை மணந்தார். ஆங்கிலேயப் படை நியூயார்க்கைவிட்டு வெளியேறியபின், அரசரின் பக்கம் நின்ற வழக்கறிஞர்கள் வாதாடத் தடை இருந்ததால், போரிட்டுத் திரும்பிய இளைஞர்களுக்கு வழக்குகள் குவிந்தன. அப்படிக் குவித்தவர்களில் இருவர் முன்னணியில் இருந்தார்கள்: ஒருவர் பர், மற்றவர், பின்னாளில் நாட்டின் முதல் நிதிச் செயலரான அலெக்சாண்டர் ஹாமில்டன். நீதிமன்றத்தில் இருவரும் எதிரெதிராகவும் நின்றார்கள், ஒரே பக்கமும் நின்றார்கள். 1800இல் லீவை வீக்ஸ் என்ற தச்சர் மீதான கொலை வழக்கில் அவருக்காக இருவரும் சேர்ந்து வாதாட, ஜூரிகள் சில நிமிடங்களில் விடுதலை செய்தார்கள்.

அரசியலில் அந்த ஒற்றுமை இல்லை. 1791இல் ஹாமில்டனின் மாமனார் ஃபிலிப் ஸ்கைலரிடமிருந்து செனட் இடத்தைப் பர் பறித்தார். 1799இல், நியூயார்க் மக்களுக்கு நல்ல குடிநீர் தருவதற்கென்று ஒரு நிறுவனத்துக்கு உரிமம் வாங்கினார். உபரி மூலதனத்தைச் சட்டத்துக்கு முரணல்லாத எந்த நிதி நடவடிக்கையிலும் பயன்படுத்தலாம் என்று அந்தச் சட்டத்தின் உள்ளே ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியிலிருந்து 20 லட்சம் டாலர் மூலதனத்தில் ஒரு வங்கி முளைத்தது. தண்ணீர் மரக்குழாய்களில் கொஞ்சம் ஓடியது; வங்கி நன்றாகவே ஓடியது. 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் பர்ரும் ஜெஃபர்சனும் தலா 73 தேர்வாளர் வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நிற்க, பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்களித்து 1801 பிப்ரவரி 17ஆம் தேதி ஜெஃபர்சனை அதிபராகத் தேர்ந்தது; பர் துணை அதிபரானார். தான் போட்டியில் இல்லை என்று பர் தெளிவாக ஒதுங்காததை ஜெஃபர்சன் மறக்கவில்லை. 1804 ஜூலை 11ஆம் தேதி வீஹாக்கனில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் பர் சுட்ட குண்டுக்கு மறுநாள் ஹாமில்டன் பலியானார். துணை அதிபர் பதவியில் இருந்தபடியே இரண்டு மாநிலங்களில் குற்றச்சாட்டுக்கு உள்ளானார் பர். பதவிக்காலம் முடிந்த 1805 மார்ச்சில் அவருக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. மேற்கு மட்டும் மிச்சம் இருந்தது.

தீவும் சங்கேதக் கடிதமும்

மேற்கில் அவர் என்ன செய்ய நினைத்தார் என்பதற்கு அவரே ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லி வைத்திருந்தார். சிலரிடம், வாஷிட்டா ஆற்றங்கரையில் பெரும் நிலம் வாங்கிக் குடியேற்றம் நடத்தப் போவதாகச் சொன்னார். சிலரிடம், ஸ்பெயினோடு போர் வந்தால் மெக்சிகோவைப் பிடிப்பதாகச் சொன்னார். வேறு சிலரோ, அலெகனி மலைக்கு மேற்கேயுள்ள மாநிலங்களைக் கூட்டாட்சியிலிருந்து பிரிக்கும் பேச்சையும் அவர் வாயிலிருந்து கேட்டதாகச் சொன்னார்கள். பணம் தேடியவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆசைக்கேற்ற திட்டத்தைக் காட்டினார் என்று கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் ஒரே மனத்தில் மூன்று திட்டங்களும் இருந்திருக்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை.

ஒஹாயோ ஆற்றின் நடுவே, அப்போது வர்ஜீனியாவின் எல்லைக்குள் இருந்த ஒரு தீவில், அயர்லாந்திலிருந்து வந்த ஹார்மன் பிளென்னர்ஹாசெட் என்ற செல்வர் மாளிகை கட்டி வாழ்ந்தார். படகுகளுக்கும் தானியத்துக்கும் அவருடைய பணம் செலவாயிற்று. 1806 டிசம்பர் 10ஆம் தேதி இரவு முப்பது பேர் அளவில் அந்தத் தீவில் கூடினார்கள். ஒஹாயோ குடிப்படை வருகிறது என்ற செய்தி கேட்டு இரவோடு இரவாகப் படகேறி ஆற்றோடு போய்விட்டார்கள். துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை. அந்த இரவில் பர் தீவில் இல்லை. அவர் வெகு தொலைவில், கென்டக்கியில் இருந்தார்.

இதற்குள் வேறொருவர் காட்டிக் கொடுத்திருந்தார். அமெரிக்கப் படையின் தலைவரும் லூசியானா ஆளுநருமான ஜேம்ஸ் வில்கின்சன், பர்ரின் பழைய தோழர், திட்டத்தின் பங்காளி. அதே வில்கின்சன் பல்லாண்டுகளாக ஸ்பெயின் அரசிடம் இரகசியமாகக் காசு வாங்கிக்கொண்டிருந்தார் என்பது பிற்காலத்தில் ஸ்பானிய ஆவணங்களிலிருந்து ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. பர் எழுதியதாகத் தமக்கு வந்த சங்கேதக் கடிதம் ஒன்றைப் பிரித்தெழுதி ஜெஃபர்சனுக்கு அனுப்பினார். “வில்கின்சன் பர் ஒருவருக்கு மட்டுமே அடுத்த நிலையில் இருப்பார்” என்று அதில் ஒரு வரி உண்டு. தமக்குப் பாதகமான இடங்களை அழித்துத் திருத்திய பிறகே அவர் அதை அனுப்பினார் என்பது ரிச்மண்டில் வெளிப்பட்டது. கடிதத்தின் கையெழுத்து பர்ருடையதே அல்ல, நியூ ஜெர்சியின் முன்னாள் செனட்டர் ஜொனாதன் டேட்டனுடையது என்று பர்ரின் ஆவணங்களைப் பதிப்பித்த அறிஞர்கள் பின்னாளில் முடிவுகட்டினார்கள்.

கென்டக்கியில் 1806 டிசம்பரிலும், மிசிசிப்பி ஆட்சிப்பகுதியில் 1807 பிப்ரவரியிலும் கூடிய கிராண்ட் ஜூரிகள் (வழக்குத் தொடர ஆதாரம் உண்டா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுக்கள்) பர் மீது குற்றம் சாட்ட மறுத்தன. கென்டக்கியில் அவருக்காக நின்றவர் இளம் வழக்கறிஞர் ஹென்றி கிளே. கூட்டாட்சிக்கு எதிராகத் தமக்கு எந்த எண்ணமும் இல்லை என்று பர் எழுதிக் கொடுத்த உறுதியை நம்பி வாதாடிய கிளே, பல ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் பர் நீட்டிய கையைப் பற்ற மறுத்துவிட்டார். மிசிசிப்பியிலிருந்து தலைமறைவாகிய பர், இன்றைய அலபாமா மாநிலப் பகுதியில் 1807 பிப்ரவரியில் பிடிபட்டு, படைவீரர் காவலில் மார்ச் 26ஆம் தேதி ரிச்மண்டுக்குக் கொண்டுவரப்பட்டார்.

வழக்கு தொடங்கும் முன்பே தீர்ப்பு

இந்த வழக்கில் அரசுத் தரப்பு செய்த முதல் பெரும் பிழை நீதிமன்றத்துக்கு வெளியே நிகழ்ந்தது. 1807 ஜனவரி 22ஆம் தேதி காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், பர்ரின் குற்றம் “கேள்விக்கு அப்பாற்பட்டது” என்று அதிபர் ஜெஃபர்சன் எழுதிவிட்டார். கைது நடக்கவில்லை, குற்றப்பத்திரிகை இல்லை, ஒரு சாட்சியும் சத்தியம் செய்து பேசவில்லை. நாட்டின் முதல் குடிமகன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதன் பிறகு வழக்கு பர்ருக்கும் அரசுக்கும் இடையிலானதாக மட்டும் இருக்கவில்லை. ஜெஃபர்சனுக்கும் மார்ஷலுக்கும் இடையிலானதாகவும் ஆகிவிட்டது. அவர்கள் இருவரும் தூரத்து உறவினர்கள். ஒருவரையொருவர் மனமார வெறுத்தவர்கள்.

மார்ஷலின் பக்கமும் பிழை உண்டு. ஏப்ரல் 1ஆம் தேதி, தேசத்துரோகத்துக்குப் போதிய ஆதாரம் இல்லையென்று கூறி, ஸ்பானியப் பகுதிமீது படையெடுக்க ஏற்பாடு செய்ததான சிறுகுற்றத்துக்கு மட்டும் பர்ரை 10,000 டாலர் ஜாமீனில் விட்டார். அதற்குச் சில நாள்களுக்குப்பின் பர்ரின் வழக்கறிஞர்களில் ஒருவரான ஜான் விக்கம் வீட்டு விருந்துக்குப் போனார். பர்ரும் அந்த விருந்துக்கு வந்திருந்தார். இன்றைக்கு இப்படி நடந்தால் நீதிபதி வழக்கிலிருந்தே விலக வேண்டியிருக்கும். ரிச்மண்ட் சிறிய ஊர், கண்ணியமானவர்கள் என்று கருதப்பட்டவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவோ நட்போ. தீர்ப்பை வாசித்த ஜூரித் தலைவர் கேரிங்டனே மார்ஷலின் சகலர்தான். இதைச் சுட்டுவது மார்ஷலின் சட்டத்தைக் குறைசொல்ல அல்ல. அந்தச் சட்டம் எந்தக் காற்றில் எழுதப்பட்டது என்பதைக் காட்டவே.

ஜூன் 13ஆம் தேதி மார்ஷல் இன்னொரு துணிவைச் செய்தார். வில்கின்சன் அனுப்பிய கடிதம் ஒன்றையும் பிற தாள்களையும் நீதிமன்றத்தில் ஒப்படைக்கக் கோரி அதிபருக்கே அழைப்பாணை விடலாம் என்று தீர்ப்பளித்தார். அரசர் நீதிமன்றத்துக்கு வர வேண்டியதில்லை என்ற ஆங்கிலேய மரபு, தேர்தலில் வந்து தேர்தலில் போகும் அதிபருக்குப் பொருந்தாது என்பது அவருடைய வாதம். ஜெஃபர்சன் நேரில் வர மறுத்தார். தாள்களை மட்டும் அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் ஹேயிடம் அனுப்பினார். 1974இல் நிக்சனின் ஒலிநாடாக்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டியது.

ஜூன் 24ஆம் தேதி கிராண்ட் ஜூரி பர் மீதும் பிளென்னர்ஹாசெட் மீதும் குற்றம் சாட்டியது. அதே கிராண்ட் ஜூரியில் வில்கின்சனும் குற்றவாளிப் பட்டியலில் சேர இரண்டு வாக்குகளே குறைந்தன.

ஹாமில்டன் என்ற பெயர்

ஆகஸ்ட் 3ஆம் தேதி விசாரணை தொடங்கியதும் ஜூரிகளைத் தேர்வதிலேயே இரண்டு வாரம் போயிற்று. முதலில் அழைக்கப்பட்ட 48 பேரில் நால்வரே தேறினார்கள். மற்றவர்கள், பர் குற்றவாளி என்ற எண்ணம் ஏற்கெனவே தங்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஹாமில்டன் மாரிசன் என்பவர் முறை வந்தது. தம்மைக் கண்டு எதிரித் தரப்பு ஏன் இவ்வளவு அஞ்சுகிறது என்று வியப்பதாகவும், தம் முதற்பெயர் ஹாமில்டன் என்பதுதான் அச்சத்துக்குக் காரணமோ என்றும் அவர் சொன்னார். அந்தப் பேச்சு ஒன்றே அவரை நிராகரிக்கப் போதுமான காரணம் என்று பர் பதில் சொன்னார். மேலும் 48 பேர் அழைக்கப்பட்டபோது பர் இழுபறியை விட்டுவிட்டு, அவர்களிலிருந்து எட்டுப் பேரைத் தாமே தேர்ந்துகொண்டார். ஏறக்குறைய எல்லாரும் தமக்கு எதிரானவர்கள் என்று தெரிந்தே செய்தார். வழக்கு ஜூரிகளின் மனத்தில் அல்ல, சட்டத்தின் ஒரு சொற்றொடரில் தீரும் என்று அவர் கணக்கிட்டிருந்தார் என்றே தோன்றுகிறது.

அந்தச் சொற்றொடர் அமெரிக்க அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்பில் இருக்கிறது. அரசருக்கு எதிராக நினைத்ததையே துரோகமாக விரித்த ஆங்கிலேயச் சட்டத்தின் கொடுமையை அறிந்தவர்கள் எழுதியது அது: நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது, அல்லது பகைவரோடு சேர்ந்து அவருக்கு உதவுவது மட்டுமே தேசத்துரோகம், ஒரே வெளிப்படைச் செயலை இரண்டு சாட்சிகள் கண்டதாகச் சொல்ல வேண்டும், அல்லது எதிரி திறந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றப்பத்திரிகை சொன்ன வெளிப்படைச் செயல், டிசம்பர் 10ஆம் தேதித் தீவில் ஆயுதத்தோடு கூடியது.

அரசுத் தரப்பு கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல விரும்பியது. முதலில் செயலை நிரூபியுங்கள், எண்ணத்தைப் பிறகு பார்ப்போம் என்று எதிரித் தரப்பு மறித்தது. முதலில் வந்தவர், வட ஆப்பிரிக்காவில் நடந்த டெர்னா போரின் வீரர் வில்லியம் ஈட்டன். காங்கிரசையே கலைத்துவிடும் அளவுக்குப் பர் தம்மிடம் பேசியதாகச் சொன்ன அவர், அரசிடம் நெடுநாள் நிலுவையிலிருந்த தம் கோரிக்கைக்கு அண்மையில்தான் சுமார் 10,000 டாலர் பெற்றதைக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். கடற்படைத் தளபதி டிரக்ஸ்டன், ஸ்பெயினோடு போர் வந்தால் என்ற நிபந்தனையோடுதான் பர் மெக்சிகோவைப் பற்றிப் பேசினார் என்றார். அரசுத் தரப்பு அழைத்து வந்த சாட்சி எதிரித் தரப்புக்கு உதவினார். பிளென்னர்ஹாசெட்டின் தோட்டக்காரர் பீட்டர் டெய்லர், “பீட்டர், நாம் மெக்சிகோவைப் பிடிக்கப் போகிறோம்” என்று தம் எசமான் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

தீவில் நடந்ததைச் சொல்ல வந்தவர்களில் முக்கியமானவர் ஜேக்கப் ஆல்பிரைட் என்ற கூலித் தொழிலாளி. சோளம் உலர்த்தும் சூளை கட்டுவதற்காக அமர்த்தப்பட்டவர். ஒஹாயோ குடிப்படையின் தளபதி எட்வர்ட் டப்பர் பிளென்னர்ஹாசெட்டைத் தொட்டுக் கைது என்று சொன்னபோது, ஏழெட்டுத் துப்பாக்கிகள் டப்பரை நோக்கி நீண்டன என்றார். வழக்கு முழுவதிலும் ‘போர்’ என்ற சொல்லுக்குச் சற்றேனும் அருகில் வந்த காட்சி இது ஒன்றே. அந்தக் காட்சியைச் சொன்னவர் ஆல்பிரைட் ஒருவர்தான். டப்பரையே அரசுத் தரப்பு சாட்சி சொல்ல அழைக்கவில்லை. இரண்டாவது சாட்சி இல்லாமல் நீட்டப்பட்ட துப்பாக்கி, அரசியலமைப்பின் கணக்கில் நீட்டப்படாத துப்பாக்கியே.

ஆகஸ்ட் 20ஆம் தேதி விக்கம் எழுந்தார். தீவில் இல்லாத ஒருவர் தீவில் போர் தொடுத்ததாகக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. ஆகவே மீதிச் சாட்சிகள் எல்லாம் வழக்குக்குத் தொடர்பற்றவை, நிறுத்துங்கள் என்றார். இதன் மீது ஒன்பது நாள் அளவுக்கு வாதம் நடந்தது. அமைதியான தீவில் வாழ்ந்த பிளென்னர்ஹாசெட்டைப் பர் என்ற பாம்பு எப்படி மயக்கியது என்று வில்லியம் வர்ட் பேசிய அரசுத் தரப்புப் பேச்சைப் பின்னாளில் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அழகான பேச்சு, சட்டத்துக்கு அதில் வேலை குறைவு. மறுபக்கம், “கூட்டாட்சிக் கட்சியின் புல்டாக் நாய்” என்று ஜெஃபர்சனே பட்டம் சூட்டியிருந்த லூதர் மார்ட்டின் நாள் கணக்கில் பேசினார்.

மார்ஷலின் சங்கடம்

ஆகஸ்ட் 31ஆம் தேதி வாசிக்கப்பட்ட மார்ஷலின் முடிவை ஆராயும்போது, ஆறு மாதங்களுக்கு முன் அவரே சொன்ன ஒரு வாக்கியத்தை மறைக்க இயலாது. பர்ரின் தூதர்களான போல்மன், ஸ்வார்ட்வவுட் இருவரின் ஆட்கொணர்வு மனு மீது தீர்ப்பளித்தபோது, போர் உண்மையாகவே தொடுக்கப்பட்டிருந்தால், சதியில் சேர்ந்து அதில் எவ்வளவு சிறிய பங்காயினும், எவ்வளவு தொலைவிலிருந்து ஆயினும் செய்தவர் துரோகியே என்று எழுதியிருந்தார். அரசுத் தரப்பு பற்றிக்கொண்ட கயிறு இதுதான். ரிச்மண்டில் மார்ஷல் அதை மறுக்கவில்லை. முடிச்சை மட்டும் இறுக்கினார். போர் எனப்படுவதற்குப் படை பலத்தோடு கூடிய கூட்டம் வேண்டும். அந்த இடத்தில் இல்லாத ஒருவர் பிறரைத் தூண்டிச் செய்வித்தார் என்றால், தூண்டியதையே குற்றப்பத்திரிகையில் குற்றமாக எழுத வேண்டும். எழுதிய பின் அந்தத் தூண்டலையே இரண்டு சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்கவும் வேண்டும் என்றார். இரகசியமாகச் செய்யும் தூண்டலுக்கு இரண்டு சாட்சிகள் கிடைப்பது ஏறக்குறைய இயலாதது என்பதை அவர் அறிந்தே இருந்தார். தண்டிப்பது கடினமாகும் என்பதற்காக அரசியலமைப்பை வளைக்க முடியாது என்பது அவருடைய விடை.

முன்னைய வாக்கியத்தோடு பிந்தைய முடிவு முழுதாக ஒட்டுகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் குற்றப்பத்திரிகையை எழுதியவர்கள் தம் கையாலேயே பர்ரை அந்த இரவில் அந்தத் தீவில் நிறுத்தியிருந்தார்கள். இல்லாத இடத்தில் ஒருவரை நிறுத்தி எழுதிய பழி மார்ஷலைச் சேராது. மறுநாள் ஜூரிகள் நெடுநேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதமே சிறுகுற்ற வழக்கிலும் பர் விடுதலை பெற்றார். ஒஹாயோவில் மீண்டும் விசாரிக்க உத்தரவு இருந்தும் அரசு அதைத் தொடரவில்லை. நவம்பரில் பால்டிமோர் நகரில் ஒரு கூட்டம் பர், பிளென்னர்ஹாசெட், மார்ட்டின், மார்ஷல் ஆகிய நால்வரின் கொடும்பாவிகளையும் தூக்கிலிட்டது.

விடுதலையான மனிதருக்கு வாழ்வு திரும்பவில்லை. 1808இல் கடன்காரர்களிடமிருந்து தப்பி ஐரோப்பா போனார். மெக்சிகோ திட்டத்தை லண்டனிலும் பாரிஸிலும் விற்கப் பார்த்து, வாங்குவாரின்றி 1812இல் நியூயார்க் திரும்பி, மீண்டும் வழக்காடத் தொடங்கினார். அந்த ஆண்டே பேரன் இறந்தான். விசாரணைக் காலத்தில் ரிச்மண்ட் சிறைச்சாலையின் மூன்றாம் மாடிக்கு வந்து தந்தையோடு தங்கியிருந்த ஒரே மகள் தியோடோசியா, ஆண்டின் இறுதியில் தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுனிலிருந்து தந்தையைக் காணக் கப்பலேறினார். ‘பேட்ரியட்’ என்ற அந்தச் சிறு பாய்க்கப்பல் கரை சேரவே இல்லை. 1833இல், எழுபத்தேழாவது வயதில், எலைசா ஜூமல் என்ற செல்வ விதவையை மணந்தார். சில மாதங்களிலேயே பிரிவு வந்தது. மணமுறிவு ஆணை முடிவான 1836 செப்டம்பர் 14ஆம் தேதியே, ஸ்டேட்டன் தீவில் ஒரு விடுதி அறையில், பர் இறந்தார். பிரின்ஸ்டனில் தந்தையும் பாட்டனாரும் கிடக்கும் இடத்துக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.